மாப்பிள்ளை அறைக்குக் கீழே ஒரு வாய்க்கால்

அன்பு மகள் ரைஹானாவுக்கு,

ஸலாம். அல்லாஹ்வின் அருளால் நானும் உம்மாவும் நலம். நீ மலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரமாக உன் உம்மா முழங்கால் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்தில் எழுந்துவிடுகிறேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை, நடக்கிறேன். இதற்கு என்ன பெயர் என்று யோசித்துப் பார்த்தேன். குதூகலம் என்றுதான் சொல்ல வேண்டும். அறுபத்திரண்டு வயதில் இது வந்தால் டாக்டரிடம் காட்டுவது வழக்கம், ஆனால் நான் காட்டப்போவதில்லை. காரைக்காலை விட்டு நம் குடும்பத்தில் பினாங்குக்குப் போனார்கள், சைகோனுக்குப் போனார்கள், பிறகு துபாய், ஷார்ஜா என்று போனார்கள். எல்லாம் கடல் பக்கம். ஆறு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஒருத்தரும் போனதில்லை. திருநள்ளாற்றைத் தாண்டி மேற்கே நமக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. நீதான் முதல் ஆள்.

இதை உறவுக்காரர்களுக்கு விளங்கவைப்பதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. கரீம் மாமா நீ கிளம்பிய மறுநாளே வந்துவிட்டார். "தேசத் தொண்டுங்கிறாங்களே மச்சான், பட்டாளமா?" என்றார். இல்லை, தண்ணீர் சம்பந்தப்பட்டது என்றேன். "தண்ணி லாரியா?" என்றார். மலையில் பெய்கிற மழை ஒரேயடியாக ஓடிப்போகாமல் குழி வெட்டி, கல் அடுக்கி, மரம் வைத்து மண்ணில் இறங்க வைப்பது, அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பது, இதுதான் வேலை என்று நீ எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மாமா டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, "பெர்மனெண்டா?" என்றார். ஒரு வருஷம் என்றேன். "ஒரு வருஷத்துல எவ்ளோ தண்ணிய நிறுத்திரப் போவுது?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் எனக்காக வருத்தப்பட்டு எழுந்து போய்விட்டார்.

ஃபோனில் சொல்லக்கூடிய விஷயத்தை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். ஃபோனில் சொன்னால் நீ நடுவில் "பரவால்ல வாப்பா" என்று சொல்லிவிடுவாய். அப்படிச் சொல்லிவிட்டால் என்னால் மேலே பேச முடியாது. ஆகவே நேரடியாகச் சொல்கிறேன். உன் வீட்டின் முன்பகுதியை இடிக்க வேண்டும். கார் நிறுத்தும் போர்ட்டிகோவும் அதை ஒட்டிய மாப்பிள்ளை அறையும் போக வேண்டும். வீடு உன் பெயரில் இருப்பதால் நீ கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொட முடியாது. ஐப்பசி பிறந்து அடைமழை பிடிப்பதற்குள் வேலை முடிய வேண்டும். கையெழுத்துப் போட்டால் திருமலைராயன்பட்டினத்துச் சம்பந்தம் கைவிட்டுப் போனாலும் போகலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் உன்னிடம் கேட்கும் நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதுதான் மிச்சக் கடிதம்.

நீ இந்தப் பணிக்கு விண்ணப்பம் எழுதிய நாள் உனக்கு நினைவிருக்கும். எந்தப் பரீட்சையில் எத்தனை மார்க் என்று கேட்காமல், 'உங்கள் வீட்டுக் கூரையில் விழும் மழை எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது? நடந்து பார்த்து வரைந்து அனுப்பவும்' என்று கேட்டிருந்தார்கள். நான் நாற்பது வருடமாக எத்தனையோ விண்ணப்பங்களை நிரப்பியிருக்கிறேன், இப்படி மரியாதை இல்லாத ஒரு கேள்வியைப் பார்த்ததில்லை. நீ நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாய். பின் தெருவிலிருந்து ஒரு வாய்க்கால் நம் மதில் வரைக்கும் வருவதைப் பார்த்தாய். சாலைக்கு அடியில் மதகு இருப்பதையும், சாலைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் மறுபடியும் கிளம்பி அரசலாற்றுப் பக்கம் போவதையும் பார்த்தாய். நடுவில் உன் பெயரில் நிற்கும் நம் வீடு, ரைஹானா மன்ஸில். திரும்பி வந்து, "வாப்பா, இந்த வாய்க்கா நம்ம வூட்டுக்கிட்ட வந்து என்னா ஆவுது?" என்று கேட்டாய். நான், "எல்லாத் தண்ணியும் கடலுக்குத்தான் போவும், வேற எங்க போவும்?" என்றேன். அதற்கப்புறம் நீ எங்கிருந்தோ பிரெஞ்சுக்காரர் காலத்து வரைபடத்தின் நகலைக் கொண்டுவந்து விரித்தாய். அதில் ஒரு நீலக் கோடு நேராகப் போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரைந்தால் கோடு அப்படித்தான் விழும் என்றேன். உம்மா சிரித்தாள், நீ சிரிக்கவில்லை.

விண்ணப்பத்தில் நீ எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படிக்கக் கொடுத்தாய். 'எங்கள் வீட்டருகே வந்ததும் வாய்க்கால் காணாமல் போகிறது. காரணம் தெரியவில்லை.' அந்த இரண்டு வரியை நேர்காணலில் பாராட்டினார்களாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் துணிச்சல் என்று சொன்னார்களாம். மகளே, காரணம் உனக்குத் தெரியும். தெரியாத அளவுக்கு நீ மக்குப் பெண் இல்லை. வாப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஆறு பக்க விண்ணப்பத்தில் இருந்த ஒரே பொய் அது, அதுவும் எனக்காகச் சொன்னது. உனக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்று நான் தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தேன் அல்லவா, ஒவ்வொரு வீட்டிலும் வாசலோடு திரும்பினேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் யாராவது இதைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

நடந்தது இதுதான். நம் ஊர் வழக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நானும் அப்படித்தான் உன் உம்மா வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தேன். ஆகவே பெண் பிறந்ததும் தகப்பனுக்கு முதல் கவலை வீடு. அவளுக்கென்று ஒரு வீடு எழும்பாவிட்டால் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள். நம் நகரைப் பார், வரிசையாக ஆயிஷா மன்ஸில், ஜுலைகா மன்ஸில், மும்தாஜ் மன்ஸில். மகள்மார் மீது இவ்வளவு பாசம் கொண்ட தகப்பன்மார் வேறு எந்த ஊரிலாவது இருப்பார்களா என்பது சந்தேகம். அந்தப் பாசத்தை எங்கே கட்டுவது என்பதில் மட்டும் எங்களுக்கு அவ்வளவாக அக்கறை இருந்ததில்லை.

நான் ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். எனக்கு லீவு எப்போதும் மே மாதம்தான், உன் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒத்து வரும் என்று. இதை நன்றாகக் கவனி. இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு கார்த்திகை மாதத்தைக்கூட ஊரில் பார்க்கவில்லை. எனக்குக் காரைக்கால் என்றால் மாம்பழமும் வெயிலும் கல்யாணப் பிரியாணியும். மழை என்பது உம்மாவோடு ஃபோனில் பேசும்போது பின்னால் கேட்கும் ஒரு சத்தம். அப்படி ஒரு மே மாதத்தில் கரீம் மாமா எனக்கு மனையைக் காட்டினார். நடுவில் எட்டடி அகலத்துக்கு ஒரு பள்ளம், அடியில் காய்ந்த புல்லும் இரண்டு செருப்பும் கிடந்தன. "இது என்ன மச்சான்?" என்றேன். "வாய்க்கான்னு பேரு. தண்ணி எங்க இருக்கு, கழுத படுத்துக் கெடக்கு பாருங்க" என்றார். உண்மையிலேயே ஒரு கழுதை படுத்திருந்தது. ஒரு கழுதையின் சாட்சியை நம்பி நான் சரி என்றேன். இடிபாட்டு மண் பதினோரு டிராக்டர் வந்து இறங்கியது. பள்ளம் இருந்த இடம் போர்ட்டிகோவாயிற்று, மிச்சம் மாப்பிள்ளை அறையாயிற்று. ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் செய்யும் தப்புதான் இது. வளைகுடாவில் இருக்கும் எல்லோருமே ஊரைக் கோடையில் பார்த்து மழைக்கு வீடு கட்டுகிறோம்.

கடைக்கால் போட்ட அன்று ஒரு பெண் வந்தாள். பின் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் செல்வி. அப்போது எனக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. "பாய், மழைக்கு இந்த வழியாத்தான் எங்க தெருத் தண்ணி வடியும். மூடுறதுன்னா ஒரு பெரிய கொழாயாவது போட்டு மூடுங்க" என்றாள். நான் மிகவும் மரியாதையாக, "பாத்துக்கலாம்மா, ஒண்ணும் கவலப்படாதீங்க" என்று சொல்லி அவள் கையில் ஒரு இனிப்புப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். இனிப்பை வாங்கிக்கொண்டதால் அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நான் முடிவு செய்துகொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை விமானம் ஏறினேன். நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை என்று உன் உம்மா பெருமையாகச் சொல்வாள். குரலை உயர்த்தாமலே எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பதற்கு அந்த இனிப்புப் பொட்டலம் உதாரணம்.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்ட வருடம், உம்மாவின் பழைய வீட்டைப் பூட்டிவிட்டு நாம் மூவரும் உன் வீட்டுக்குக் குடி வந்தோம். உன் வீட்டை உனக்காகக் காவல் காப்பதாகப் பேச்சு. ஷார்ஜா போனபின் ஊரில் நான் பார்த்த முதல் கார்த்திகை அந்த வருடம்தான். நம் வாசலில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. பின் தெருவில் இடுப்பளவு நின்றது. ஒன்பது நாள் நின்றது. நான் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். செல்வி அடுப்பை மேசை மேல் ஏற்றி வைத்து, மேசைக்குப் பக்கத்தில் பெஞ்சில் நின்றுகொண்டு இட்லி ஊற்றினாள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. உடனே ஒரு தினசரிக்கு ஆசிரியர் கடிதம் எழுதினேன். 'வடிகால் எங்கே?' என்று தலைப்பு. அதிகாரிகளின் அலட்சியத்தைக் கண்டித்து, பொதுமக்களில் ஒருவன் என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். அதற்கடுத்த வருடமும் எழுதினேன். வருடாவருடம் எழுதினேன், என் நடை வருடாவருடம் மெருகேறிற்று. வடிகால் எங்கே என்று கேட்டவன் வடிகாலின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் கேட்டான். நீ அந்தக் கடிதங்களை வெட்டி ஃபைலில் ஒட்டி வைத்திருந்தாய். ஏன் என்று அப்போது கேட்கவில்லை, இப்போது கேட்கவும் பயமாக இருக்கிறது.

இந்த இடத்தில் தகப்பன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உன் ஒரு வருடத்தில் நீ எத்தனையோ கிராமங்களைப் பார்ப்பாய், எத்தனையோ இடத்தில் 'இங்கே குழி வெட்டலாம், இங்கே கல் வைக்கலாம்' என்று நீயே தீர்மானிக்க வேண்டி வரும். ஒரு இடத்தை அதன் மோசமான மாதத்தில் பார்க்காமல் அதைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதே. பார்க்க நேரமில்லை என்றால் அங்கே இட்லி விற்பவரிடம் கேள். கேட்டுவிட்டு அவர் கையில் இனிப்பைக் கொடுத்து அனுப்பிவிடாதே.

இனி, நான் ஏன் இப்போது வாய் திறக்கிறேன் என்பது. அதற்கு உன் பிள்ளைகள்தான் காரணம். போன வாரம் நீ அனுப்பிய குரல் பதிவை நானும் உம்மாவும் நாலு தடவை கேட்டோம். நீ பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் எழுந்து, "ஏனுங்க்கா, நாம இங்கயே தண்ணிய நிறுத்திப்போட்டா கடலு காஞ்சு போயிராதுங்களா?" என்று கேட்டதாம். நீ, "நாம நிறுத்தலடா, மெதுவா அனுப்பி வெக்கிறோம்" என்று சொன்னாயாம். இதை நான் கரீம் மாமாவிடம் சொன்னேன். அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளைகள் ஆறு போய் முடியும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டதாக நீ சொன்னதும், நான் வண்டியை எடுத்துக்கொண்டு அரசலாற்று முகத்துவாரத்துக்குப் பறந்தேன். அன்றைக்கு எனக்கு இருபது வயது. ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றால், வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன பாய், ரீல்ஸா?" என்றார். "இல்லண்ணே, மலையில இருக்கிற புள்ளைங்களுக்கு" என்றேன். அவர் தலைமுடியைக் கையால் வாரிக்கொண்டு நேராக நின்றார். அந்தப் படம் பார்த்துப் பிள்ளைகள் கத்தியதை நீ பதிவு செய்து அனுப்பினாய். அதைக் கேட்டபோது ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருடம் நான் எண்ணிய அட்டைப் பெட்டிகள் எல்லாம் என் மேல் இருந்து இறங்கியதுபோல் இருந்தது.

மறுநாளே அடுத்த பதிவு வந்தது. "வாப்பா, புள்ளைங்க நம்ம வூட்டுத் தண்ணி எந்த வழியா கடலுக்குப் போவுதுன்னு கேக்குதுங்க. நம்ம தெரு வாய்க்காலயும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க." இதை நீ எந்த நோக்கமும் இல்லாமல் கேட்டாயா, நோக்கத்தோடு கேட்டாயா என்று நான் ஆராயவில்லை. போர்ட்டிகோவுக்கு முன்னால் ஃபோனோடு நின்றேன். டைல்ஸ் நன்றாகப் பளபளத்தது. அப்புறம் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு வரிச்சிக்குடிப் பக்கம் போய், வயலுக்கு நடுவே ஓடும் ஒரு வாய்க்காலைக் கொக்கு சகிதமாகப் படம் எடுத்தேன். அழகான படம். அனுப்பப்போகும் சமயத்தில் உம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த வாய்க்கா?"

"வாய்க்கா."

"நம்ம வாய்க்காவா?"

"வாய்க்கான்னா எல்லாம் ஒண்ணுதானே, யாருதா இருந்தா என்ன?"

"அப்ப கல்யாணத்தன்னைக்கி யாரு பொண்ணையாவது கொண்டாந்து உக்கார வைங்க, யாருதா இருந்தா என்ன."

படத்தை அழித்துவிட்டேன். உன் உம்மா என்னோடு முப்பது வருடத்தில் மொத்தமாகப் பேசிய பேச்சில் இது சிறந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அன்று சாயங்காலம் நான் செல்வியின் கடைக்குப் போனேன். பத்து வருடத்தில் முதல் தடவை. என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போனேன். அவள் என்னைப் பார்த்ததும் வாழையிலையைப் போட்டுவிட்டு, "வாங்க பாய். பேப்பர்ல எழுதுறீங்களே, படிச்சிருக்கேன். இட்லி மடிக்க வாங்குன கட்டுல இருந்திச்சு. தலைப்பெல்லாம் நல்லாத்தான் வக்கிறீங்க" என்றாள். நான் அமைத்துக்கொண்டு போன வாக்கியங்கள் அதோடு போயின. "செல்வி, வாய்க்கால நாந்தான் மூடுனேன்" என்றேன். "அது தெரியாமயா இருக்கோம்? மண்ணு கொட்டுனப்ப நாங்க வேடிக்கை பாத்துக்கிட்டுல்ல நின்னோம்" என்றாள். திறக்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வெளையாடாதீங்க பாய்." இல்லை என்றேன். "பொண்ணுக்குன்னு கட்டுன வூடாச்சே. அந்தப் புள்ள ஒத்துக்குமா?" என்று கேட்டாள். பத்து வருடம் தண்ணீரில் நின்றவளுக்கு முதலில் வந்த கவலை உன் வீட்டைப் பற்றி.

மறுநாள் காலை செல்வியே வந்து நின்று காட்ட, கொத்தனார் நாடா பிடித்து அளந்தார். மதிலில் ஆரம்பித்து மதகு வரைக்கும் நேர்கோடு. நீ கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர் படத்தில் உள்ள கோடும் அதுவும் ஒரு விரற்கடைகூட விலகவில்லை. அவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால்தான் வரைந்திருக்கிறார்கள். கோடு போர்ட்டிகோவைக் கடந்து மாப்பிள்ளை அறையின் கட்டிலுக்கு நடுவே போயிற்று. "பாய், போர்ட்டிகோ போனாப் போவுது. மாப்புள்ள ரூமையா இடிக்கப் போறீங்க?" என்று கொத்தனார் குரலைத் தாழ்த்திக் கேட்டார், அறைக்குள் யாரோ தூங்குவது போல. அந்த அறையின் லட்சணம் உனக்குத் தெரியும். வீட்டிலேயே பெரிய அறை, தேக்குக் கட்டில், ஏசி, கண்ணாடி பதித்த பீரோ. இன்னார் என்று தெரியாத ஒருவருக்காக ஐந்து வருடமாகப் பூட்டி வைத்து, வாரம் ஒரு முறை ஏசியைப் போட்டுப் பார்த்து அணைத்துவிட்டு வருகிறோம். அந்த அறைக்குக் கீழே ஒரு தெருவின் மழைத்தண்ணீர் வழி கேட்டு நிற்கிறது.

திருமலைராயன்பட்டினத்துக்காரர்களிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். போன மாதம் வந்தபோது அவர்கள் உன்னைப் பத்து நிமிடமும் அந்த அறையை அரை மணி நேரமும் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனவர்கள் அல்லவா. விஷயத்தைக் கேட்டதும் பையனின் வாப்பா வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப மாப்புள எங்க படுப்பாரு?"

"பின்னாடி அறையில."

"அங்க ஏசி இருக்கா?"

"ரெண்டு பக்கமும் சன்னல் இருக்கு."

"வாய்க்கா ஓடுற வூட்டுல கொசு வராதா பாய்?"

"நிக்கிற தண்ணியிலதான் கொசு வரும். இத்தனை வருஷமா பின் தெருவுக்குத்தான் அனுப்பிக்கிட்டு இருந்தோம்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். தோஹாவில் இருக்கும் பையன் நேற்று தானாகவே எனக்கு ஃபோன் செய்தான். ஒரு நிமிடம் சுகம் விசாரித்துவிட்டு, "மாமா, அந்தப் பின் ரூம்ல வைஃபை எடுக்குமா?" என்று கேட்டான். இதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டின் சொந்தக்காரி ஒரு வருடப் பணியில் இருக்கிறாள், முடித்துவிட்டு வந்ததும் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கப் போனேன். அங்கிருந்தவர், யார் மேல் புகார் என்று கேட்டார். என் மேல்தான் என்றேன். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சொந்த வீட்டை வாய்க்காலுக்காக இடிக்க அனுமதி கேட்டு வருபவரை அவர் இதற்கு முன் பார்த்ததில்லையாம். என்னை விட்டுவிட்டு எழுந்து உள்ளே போய் மற்றவர்களிடம் சொன்னார், அவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் சரி, ஆனால் வீட்டின் சொந்தக்காரர் அசலில் கையெழுத்துப் போட வேண்டும், படம் பிடித்து அனுப்பினால் செல்லாது என்றார்.

ஆகவே கேள்வி இப்போது உன்னிடம் வந்து நிற்கிறது. நீ மாட்டேன் என்று சொல்லலாம். மனசறிந்து சொல்கிறேன், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வீடு இல்லாத பெண் நம் ஊரில் என்ன பேச்சுக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும், பாதி வீடு உள்ள பெண் என்ன கேட்பாள் என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. நீதான் முதலில் கேட்க வேண்டி வரும். என் தப்புக்கு உன் அறையைக் கொடு என்று கேட்கிறேன், இது நியாயமான கேள்வி இல்லை. ஆனால் நீ சரி என்றாலும் இல்லை என்றாலும் ஒன்று மட்டும் செய். அந்தப் பிள்ளைகளிடம் 'காரணம் தெரியவில்லை' என்று சொல்லாதே. எங்க வாப்பாதான் மூடினார் என்று சொல். பாடத்தில் மலை, ஆறு, கடல் எல்லாம் வருகிறது, ஆனால் மூடிய ஆள் வருவதே இல்லை. அந்த ஆள் எப்படி இருப்பார் என்று அவர்கள் கேட்டால் என் படத்தைக் காட்டு. கண்ணாடி போட்ட, மரியாதையாகப் பேசுகிற, பேப்பருக்குக் கடிதம் எழுதுகிற ஆள் என்று சொல். அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது.

இந்தக் கடிதம் ஸ்பீடு போஸ்ட்டில் உன்னிடம் முதலில் வந்து சேரும். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால் காகிதத்தை முன்னால் அனுப்புகிறேன். இரண்டு நாள் கழித்து நானும் உம்மாவும் விண்ணப்பத்தோடு வருகிறோம், ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உம்மா இதுவரை மலையைப் பார்த்ததில்லை. அங்கே குளிருமா என்று என்னைத் தினமும் கேட்கிறாள், நானும் போகாத ஊருக்குத் தினமும் ஒரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் மாப்பிள்ளை அறையின் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிட்டாள் என்பதை உனக்குத் தெரியப்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், உன்னை நெருக்குவது போல ஆகிவிடுமாம்.

பஸ் நிறுத்தத்துக்கு நீ பேனாவோடு வந்து நின்றால் எனக்கு விளங்கிவிடும். பேனா இல்லாமல் வந்தாலும் விளங்கிவிடும், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உம்மா கிண்டிக்கொண்டு வரும் தம்ரூட் இனிப்பு எப்படியும் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும்தான். அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் உடனே ஃபோனில் எழுதி அனுப்பு, ரவை வாங்க வேண்டும்.

உன் வாப்பா